புகையை விட நினைப்பவருக்குக் கைகொடுப்பவர் யார்?
தீவகத்தில் நாம் கண்டதும் கேட்டதும்



ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் திருவிழா வந்தால் நமது தோட்டத்திலிருந்து ஒரு பஸ் புறப்படுவது வழக்கம். இம்முறையும் போனோம். இரவெல்லாம் ஓடி, விடிய யாழ்ப்பாணம் டவுனுக்கு வந்து, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து படகில் ஏறி அம்மனிடம் போகவேண்டும். கடலைப் பார்த்தே இராத நம் பிள்ளைகளுக்கு அந்தப் படகுப் பயணமே ஒரு திருவிழாதான். தேரும் தீர்த்தமும் பற்றி வேறு இதழில் எழுதுவோம். இப்போது எழுதவந்தது திரும்பி வரும்போது இறங்குதுறையில் நடந்த ஒரு சின்ன விஷயம்.

நம்முடன் வந்தவர்களில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணன் இருந்தார். பெயர் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆனால் நடந்ததை எழுதுங்கள், நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும் என்றார். இருபது வருடத்துக்கு மேலாகப் பீடி, சிகரட் இரண்டும் பழக்கம். கடைசிப் பையனுக்கு இழுப்பு வியாதி. லயத்துக் காம்பிராவில் ஒரு ஜன்னல். மழைக்காலத்தில் அதையும் சாத்திவிட்டால் புகை எங்கே போகும்? மாதத்தில் ஒரு தடவையாவது நடுராத்திரியில் பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற குடும்பம் அது. பையனுக்கு நல்ல சுகம் வரவேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, பஸ் ஏறியதிலிருந்து பீடியைத் தொடவில்லை. வியாழன் பின்னேரம் விட்டவர், வெள்ளி முழுக்க அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டு, கோவில் வீதியில் படுத்து, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்தார்.

குறிகாட்டுவானில் வந்து இறங்கியதும் காத்திருக்கும் மண்டபத்து மூலையில் போய் ஒரு பீடியைப் பற்றவைத்துவிட்டார். கை நடுங்கியது. மனைவி ஒன்றும் பேசவில்லை, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது திருவிழாக் கடமைக்கு வந்திருந்த ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் பீ.எச்.ஐ. ஐயா என்று சொல்லுவோமே, அவர் கிட்ட வந்தார். வழக்குப் போடப்போகிறார் என்று எல்லோரும் பயந்தோம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி பொது மண்டபங்களில் புகைப்பது குற்றம். அவரோ, "அண்ணை, அதை அணைச்சுப்போட்டு வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்றார். அந்தத் தேத்தண்ணிக் கடையில் ஒரு மணித்தியாலம் இருந்து கேட்ட விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை.

நம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "சாமிக்காகக் கூட முடியலைங்க ஐயா, நமக்கு மனசுல உறுதி பத்தாது" என்றார். அந்த ஐயா சொன்னார்: "நீங்கள் தோற்கேல்லை. மலை ஏறிக்கொண்டு போய், உச்சிக்கு ஒரு வளைவு இருக்கேக்குள்ள திரும்பி இறங்கிப்போட்டியள். அவ்வளவுதான்."

அவர் விளங்கப்படுத்தியதை நமது பாஷையில் சொல்லுகிறோம். புகையிலையில் நிக்கொட்டின் என்ற ஒரு பொருள் உண்டு. பீடியை இழுத்தால் அது நெஞ்சுக்குள் போய், இரத்தத்தில் கலந்து, ஏறக்குறைய பத்து விநாடியில் மூளையைத் தொட்டுவிடும். ஊசி போட்டால்கூட அவ்வளவு சீக்கிரம் போகாது. மூளை அதற்குப் பழகிவிட்டால், அது கிடைக்காதபோது எரிச்சல், கோபம், தூக்கமின்மை, தலையிடி, பசி, கைநடுக்கம் எல்லாம் வரும். இது உடம்பின் வேலை, ஆளின் குணமல்ல. விட்ட இரண்டாம் மூன்றாம் நாளில்தான் இந்த அவதி உச்சத்தில் நிற்கும். அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கி, இரண்டு தொடக்கம் நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். நம்மவர் இரண்டாம் நாள் முடிய, உச்சியில் வைத்துப் பற்றவைத்துவிட்டார். இன்னும் ஒன்றிரண்டு நாள் கூடவே இருந்து பேச ஓர் ஆள் இருந்திருந்தால், கதை வேறாக இருந்திருக்கலாம். இந்த இடத்தில் நமக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் கூட இருக்கவேண்டிய ஆட்களில் நாமும் ஒருவர்.

உண்மையைச் சொல்வதென்றால், ஒவ்வொரு மே மாதம் 31 ஆம் திகதியும் புகையிலை எதிர்ப்பு தினம் என்று பிரட்டுக்களத்தில் ஒரு போஸ்டர் ஒட்டி, பிள்ளைகளை வைத்து ஊர்வலம் நடத்தி, பேச்சும் பேசிவிட்டு, நம் கடமை முடிந்ததென்று வந்துவிடுவோம். "விடுங்கள், விடுங்கள்" என்று சொன்னோமே தவிர, எங்கே போய், யாரைப் பார்த்து, எப்படி விடுவது என்று சொன்னதில்லை.

இனி அந்தத் தேத்தண்ணிக் கடைக்காரரின் கதை. வயது எழுபதுக்கு மேல், வேலணை ஆள். தீவகம் என்றாலே ஒரு காலத்தில் புகையிலைதான் என்றார். நம் தாத்தா, அப்பாமார் விரும்பிக் குடித்த யாழ்ப்பாணச் சுருட்டு இந்த மண்ணிலும், அக்கரையில் யாழ்ப்பாணப் பெருநிலத்திலும் விளைந்த புகையிலையில் வந்ததுதான். மாரி மழை விட்ட பிறகு நட்டு, துலா மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து, ஆட்டெரு மாட்டெரு போட்டு, பிள்ளையைப் போல வளர்ப்பார்களாம். வெட்டிய இலையைக் குடிலில் தொங்கவிட்டுப் புகையூட்டி, கோடா தெளித்துப் பதப்படுத்துவார்களாம். ஊர்காவற்றுறைத் துறைமுகத்திலிருந்து பாய்க்கப்பல்களில் திருவிதாங்கூருக்குப் போயிலை போன காலம் உண்டு. புங்குடுதீவு, வேலணை ஆட்கள் தெற்கில் ஊர் ஊராகச் சுருட்டுக்கடை போட்டார்கள். சுருட்டுக் கொட்டில்களில் பத்து இருபது பேர் வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் சத்தமாகப் பத்திரிகை வாசிப்பாராம். கேட்டுக்கேட்டே உலக அரசியல் படித்தவர்கள் உண்டாம். (நமது இந்தப் பத்திரிகையையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று அறிகிறோம். சந்தோஷம்.)

"எங்கட அப்பு போயிலைத் தோட்டம் செய்துதான் எங்களைப் படிப்பிச்சவர். அந்தக் காசில சோறு திண்டனாங்கள், அதை மறக்கேலாது. ஆனால் அப்பு செத்தது தொண்டையில வந்த புற்றுநோயில. அதையும் மறக்கேலாது" என்றார் அவர்.

அவருடைய கடையில் இப்போது சிகரட் இல்லை. கேட்டோம், நட்டமில்லையா என்று. "நட்டந்தான், ஏன் பொய் சொல்லுவான்? சிகரட் வாங்க வாறவன் ஒரு பிளேன்ரீயும் குடிப்பான், ஒரு வடையும் தின்பான். அவன் வராமல் விட்டிடுவானோ எண்டு முதலில பயந்தனான். கொஞ்சப் பேர் வராமல் விட்டவைதான். பிறகு பொம்பிளையள், பிள்ளையளோட வாற ஆக்கள் கூடிட்டினம்."

இது அவர் ஒருவருடைய கதை மட்டுமல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடை கடையாக ஏறி இறங்கிப் பேசியதன் பலனாக, நாடு முழுவதும் வியாபாரிகள் தாங்களாகவே சிகரட் விற்பதை நிறுத்திய நகரங்கள் பல உண்டு. 2019 ஆம் ஆண்டு சுகாதாரத் துறை வெளியிட்ட கணக்கின்படி அப்படிப்பட்ட நகரங்கள் 107. அதில் ஆகக் கூடியது யாழ்ப்பாண மாவட்டத்தில், 22 நகரங்கள். அடுத்து மாத்தறையில் 17, குருநாகலில் 16. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. புகையிலையை விளைவித்து விற்றுப் பெயரெடுத்த மாவட்டமே இதில் முன்னுக்கு நின்றது நமக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்காக அங்கே எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். போயிலைத் தோட்டங்கள் இன்றும் உண்டு, குடிப்பவர்களும் உண்டு. ஆனால் விட நினைப்பவனுக்குக் கண்ணில் படும் இடமெல்லாம் சிகரட் பெட்டி தொங்காமல் இருப்பது பெரிய உதவி. நமது தோட்டத்துக் கடைகளைப் பற்றி யோசிக்கும்போது பெருமூச்சுத்தான் வருகிறது.

சரி, உதவி எங்கே கிடைக்கும்? வீட்டுத்திட்ட வேலை, கடை வேலை என்று தீவகத்தில் போய்த் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுவோம். போன் இருந்தால் 1948 என்ற இலக்கத்தை அழுத்துங்கள். தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபை, புகைப்பதை விட விரும்புபவர்களுக்காக வைத்திருக்கும் இலக்கம் இது. தமிழில் பேசவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனம் சரியில்லை, தூக்கமில்லை, கூடவே குடிப் பழக்கமும் உண்டு என்றால் 1926 க்கு எடுக்கலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். நெடுந்தீவில் இருப்பவருக்கு இந்தப் போன் மிகவும் முக்கியம். குறிகாட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மாரிக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. ஆனால் பீடி நினைப்பு கடல் பார்த்தா வருகிறது?

நேரே போய்ப் பேச விரும்புபவர்களுக்கு ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை இருக்கிறது. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களிலும் பிரதேச வைத்தியசாலைகள் இருக்கின்றன. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்துக்கொண்டு, "நான் புகைப்பதை விடவேண்டும், உதவி செய்யுங்கள்" என்று வாய் திறந்து சொல்லவேண்டும். இருமல் என்று மட்டும் சொன்னால் இருமல் மருந்துதான் தருவார்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் நடத்தப்படும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் பிரஷர், சீனி, உடல் எடை பார்த்து, புகைத்தல் பற்றியும் கேட்டு ஆலோசனை சொல்லுவார்கள். எல்லாம் இலவசம். தேவையென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் போகலாம். இதையெல்லாம் எப்படித் தேடுவது என்று தலைசுற்றினால், அந்தப் பகுதிப் பீ.எச்.ஐ.யையோ குடும்பநல மாதுவையோ பிடியுங்கள். அவர்களுக்கு வழி தெரியும்.

அங்கே போனால் என்ன செய்வார்கள், கட்டிப்போட்டு ஊசி ஏற்றுவார்களா என்று நம் அண்ணன் கேட்டார். அப்படி ஒன்றுமில்லை. காலையில் எழும்பி எத்தனை நிமிடத்தில் முதல் பீடி, நாளுக்கு எத்தனை, எந்த நேரம் ஆசை வரும் என்று கேட்பார்கள். எழும்பியதும் அரை மணித்தியாலத்துக்குள் பற்றவைப்பவர் என்றால் பழக்கம் ஆழமாக இருக்கிறது என்று கணக்கு. பிறகு விடுவதற்கு ஒரு நாள் குறிக்கச் சொல்லுவார்கள். கலியாணத்துக்கு நாள் பார்ப்பதுபோல இதற்கும் நாள் பார்த்து, வீட்டில் சொல்லி, முதல் நாள் இரவே மிச்சப் பீடி, நெருப்புப் பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தவேண்டும். ஆசை வரும்போது அது சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும் என்பதை மனதில் வைத்து, மெதுவாகத் தண்ணீர் குடிப்பது, மூச்சை ஆழமாக இழுத்து விடுவது, எழும்பி நடப்பது என்று அந்த நிமிடங்களைக் கடத்தப் பழக்குவார்கள். பழக்கம் கடுமையானவர்களுக்கு நிக்கொட்டின் சூயிங்கம் போன்ற மருந்துகளும் உலகில் உண்டு. 2009 ஆம் ஆண்டிலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. கிடைக்குமா, தனக்குப் பொருந்துமா என்பதை வைத்தியரிடம்தான் கேட்கவேண்டும்.

முக்கியமானது, விட்ட பிறகு திரும்பவும் அவர்களிடம் போவது. முதல் கிழமையில் ஒரு தடவை, பிறகு மாதத்தில் ஒரு தடவை என்றாவது முகத்தைக் காட்டவேண்டும். தனியாக விட முயன்று விழுந்தவர்கள்தான் அதிகம். பலமுறை முயன்ற பிறகுதான் பலருக்குக் கைகூடுகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற உறவுக்காரர் கொண்டுவந்து கொடுக்கிறார்களாம், பழவாசம் வருகிறதாம், தீங்கில்லையாம். பெரும்பாலான வேப்பிலும் இருப்பது அதே நிக்கொட்டின்தான், அடிமையாக்கும் வேலையை அதுவும் செய்யும். புகையிலை சேர்ந்த இலத்திரனியல் சிகரட்டுகள் இந்நாட்டில் 2016 செப்டம்பர் வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டவை. விடுவதற்கான உதவியும் அதே இடங்களில்தான். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சிகரட் விற்பதும் குற்றம் என்பதைக் கடைக்கார அண்ணன்மார் கவனிக்கவும்.

வெற்றிலை போடுபவர்களையும் இங்கே விட்டுவிட முடியாது. பீடியை விட்டேன் என்று சொல்லிக்கொண்டு வாயில் போயிலையை அதக்குகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இது ஒரு குழியிலிருந்து ஏறி மறு குழியில் விழுவது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பாக்கு மட்டும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். வாய்க்குள் வெள்ளைத் தழும்போ சிவப்புத் தழும்போ, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், நோவில்லை என்று சும்மா இருக்காமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அக்காமாருக்கும் ஆச்சிமாருக்கும் இது விசேஷமாகச் சொல்லுகிறோம்.

இனி நமது மலைப் பக்கம். "ஐயா, இங்க குளிரு, பீடி இல்லாம மலைக்கு ஏற முடியாது" என்பது நம்மவர் பேச்சு. தீவில் மீன்பிடிக்கிறவர்கள், "இரவில கடலில நித்திரை வராமல் இருக்க வேணும்" என்கிறார்களாம். ஊருக்கு ஒரு காரணம்! ஆனால் உதவிக்கான வழி ஊருக்கு ஊர் மாறவில்லை. 1948 இங்கேயும் அதே இலக்கம். தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்திய உதவியாளரிடம் சொல்லலாம். பக்கத்து அரசாங்க வைத்தியசாலையிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கேட்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால், புகைப்பதால்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல், மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளியைப் பரிசோதியுங்கள். காசநோயாகவும் இருக்கலாம்.

காசுக் கணக்கையும் ஒரு வரியில் சொல்லுவோம். இப்போது ஒரு சிகரட் நூறு ரூபாய்க்கு மேல். நாளுக்கு மூன்று என்றால் 300 க்கு மேல், மாதம் 9,000 க்கு மேல். வேலை நாட்களில் எத்தனை நாள் சம்பளம் இது என்று அவரவரே கணக்குப் பார்க்கலாம்.

விட்டவர்களுக்கு உடம்பு சீக்கிரமே நன்றி சொல்லும். இருபது நிமிடத்தில் நாடித்துடிப்பு இறங்கும். பன்னிரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்திலுள்ள காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு சாதாரண அளவுக்கு வரும். சில மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறையும். ஒரு வருடம் போனால், புகையிலையால் வரும் இருதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும்.

நம் அண்ணன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். திரும்பி வந்து, ஆடி முதல் வெள்ளியை நாளாகக் குறித்தார். 1948 க்கு நமது அறையிலிருந்துதான் பேசினார். முதலில் கூச்சப்பட்டு ரிசீவரை நம் கையில் கொடுத்துவிட்டார், பிறகு அவரே வாங்கிப் பேசினார். மூன்றாம் நாள் வீட்டில் பானையைத் தூக்கி எறிந்ததாகக் கேள்வி. மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார், "பானை போனா போகட்டும் ஐயா." ஆவணியில் ஓர் எழவு வீட்டில், வெற்றிலைத் தட்டில் வைத்திருந்த பீடியை எடுத்துக் குடித்துவிட்டார். மறுநாள் பிரட்டுக்கு முன்னமே வந்து நமது கதவைத் தட்டினார். அன்றிலிருந்து திரும்ப எண்ணத் தொடங்கி, இதை எழுதும் கார்த்திகை வரை ஒன்றும் தொடவில்லை. பையனுக்கு இழுப்பு முற்றாக நின்றுவிடவில்லை, மருந்து எடுக்கிறான். ஆனால் கடந்த இரண்டு மாதமாக நடுராத்திரியில் ஓடவேண்டி வரவில்லை.

எழவு வீட்டுத் தட்டு விஷயத்தைத் தோட்டத் தலைவர்மாருடன் பேசியிருக்கிறோம். தட்டில் பீடியும் போயிலையும் வைப்பதை நிறுத்த மேட்டு லயத்து ஆட்கள் சம்மதித்துவிட்டார்கள். பணிய லயத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது.

விட நினைப்பவர்கள் புதன், சனி பின்னேரங்களில் வேலை முடிந்து நேராக நமது நலன்புரி அறைக்கு வரலாம். யாரும் ஏசமாட்டார்கள், பெயர் வெளியே போகாது. போன் வசதி இல்லாதவர்கள் நமது போனிலேயே பேசலாம். வீட்டுக்காரர் வரமாட்டார் என்றால் அக்காமார் முதலில் வந்து விசாரித்துப் போனாலும் நல்லதே.